புள்ளியியலை எங்கிருந்து தொடங்குவது?



பல்கலைக்கழக மாணவர்களுக்குப் புள்ளியியலை எவ்வாறு கற்பிப்பது என்னும் விஷயம், அதைக் கற்பிக்கும் சிலருடைய சொந்த விவகாரம் என்றும், மற்றவர்கள் அதில் தலையிடுவதற்கு ஒன்றும் இல்லை என்றும் வெளியார் எண்ணக்கூடும். ஆனால் இன்றைக்குப் பொருளாதாரம் படிக்கிற மாணவனும், வணிகவியல் படிக்கிற மாணவியும், உளவியல், சமூகவியல், விவசாயம், மருத்துவம், பொறியியல் என்று எந்த வாசலில் நுழைந்தவர்களும், பட்டத்தைக் கையில் வாங்குவதற்குமுன் எங்கேனும் ஓரிடத்தில் புள்ளியியலைச் சந்திக்க நேருகிறது. அவர்களில் பெரும்பாலோர் அதனை ‘அலைட் பேப்பர்’ என்று சற்று அலட்சியமாகவே குறிப்பிட்டு, அரியர் விழாமல் தப்பினால் போதும் என்ற ஒரே பிரார்த்தனையோடு தேர்வு மண்டபத்துக்குள் போகிறார்கள் என்பதும், அப்படித் தப்பி வந்தபின் ஆயுள் முழுவதும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்பதும் இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆகையால் நான் இன்று பேசப்போவது புள்ளியியலையே தொழிலாகக் கொள்ளப்போகிற சிலரை முன்னிட்டு அன்று. வாழ்நாளில் ஒரே ஒருமுறை இந்தச் சாஸ்திரத்தின் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிற பலரை முன்னிட்டே பேசுகிறேன்.

அந்த வாசலில் நாம் அவர்களுக்கு எதைக் காட்டுகிறோம்? முதல் அலகில் இலக்கணங்கள், அடுத்து அட்டவணைகளும் வரைபடங்களும், பிறகு சராசரி, இடைநிலை, முகடு, அதன்பின் திட்டவிலக்கம், ஒட்டுறவு, நிகழ்தகவு, கடைசியாக, செமஸ்டர் முடிவதற்கு இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும்போது, மூச்சிரைக்க ஓடுகிற எடுகோள் சோதனைகள். ஒவ்வொரு அலகிலும் மாதிரிக் கணக்குகள் உண்டு. “பத்து மாணவர்கள் பெற்ற மதிப்பெண்கள் பின்வருமாறு, திட்டவிலக்கம் காண்க” என்பது அவற்றில் மிகப் பிரசித்தமானது. இந்தப் பத்துப் பேர் யார், எந்தப் பாடத்தில் எழுதினார்கள், மதிப்பெண் போட்டவர் யார், வகுப்பில் இருந்த மற்றவர்களை விட்டுவிட்டு இந்தப் பத்துப் பேரை மாத்திரம் யார் பொறுக்கி எடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்கிற மாணவன் இருந்தால் அவனுக்குச் சொல்வதற்குப் புத்தகத்தில் பதிலும் இல்லை. எண்கள் பெற்றோர் இல்லாமல் பிறந்தவைபோல அச்சுக்கு வந்துவிடுகின்றன. மாணவனும் கால்குலேட்டரை எடுத்து நான்கு தசமஸ்தானம் வரைக்கும் பிசகாமல் விடை கண்டு, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டு, அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறான். அவன் செய்தது நல்ல எண்கணிதம், அதில் சந்தேகமில்லை. புள்ளியியல் அங்கே இன்னும் ஆரம்பமாகவே இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம்.

இந்தக் குறை நம் நாட்டுக்கே உரியது என்றும், நேற்று முளைத்தது என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்க அறிஞர் ஹெரால்டு ஹோட்டலிங் 1940-ஆம் ஆண்டிலேயே புள்ளியியல் போதனையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஒரு புள்ளியியல் பாடத்தை வைத்துக்கொண்டு, அதை நடத்துவதற்கு அச்சாஸ்திரத்தில் ஆராய்ச்சிப் பழக்கம் இல்லாதவர்களை அமர்த்திவிடுவதைக் கடிந்துகொண்டார். அவர் கேட்டது புள்ளியியலைப் புள்ளியியல் வல்லவர்களே கற்பிக்க வேண்டும் என்பது. நியாயமான கோரிக்கைதான், பெரும்பாலும் நிறைவேறியும் விட்டது. ஆனால் வல்லவர்கள் கையில் வந்தபிறகும் பாடம் உயிர் பெற்றுவிடவில்லை என்பதைப் பார்க்கும்போது, நோய் ஆசிரியரின் தகுதியில் மாத்திரம் இல்லை, பாடம் தொடங்குகிற இடத்திலும் இருக்கிறது என்று தோன்றுகிறது.

நம் தேசத்தில் இந்தச் சாஸ்திரம் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். பிரசாந்த சந்திர மகலநோபிஸ் பௌதிகப் பேராசிரியர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் பௌதிகத் துறையில் ஓர் அறையைப் புள்ளியியல் ஆய்வுக்கூடம் என்று பெயரிட்டு நடத்திவந்த அவர், 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வங்காளத்தில் எத்தனை ஏக்கர் சணல் விளைகிறது என்று மாதிரி எடுத்துக் கண்டுபிடிக்கும் வேலை பின்னர் அந்த நிறுவனத்தின் தலையாய காரியங்களில் ஒன்றாயிற்று. பல்கலைக்கழகத்தில் முதுகலை வகுப்பாகப் புள்ளியியல் கல்கத்தாவில் ஆரம்பமானது 1941-இல். அதாவது, வயலிலும் ஆய்வுக்கூடத்திலும் பத்தாண்டு உழைத்தபிறகே அது கரும்பலகைக்கு வந்தது. நாம் இப்போது அந்த வரிசையைத் தலைகீழாக்கி, கரும்பலகையில் தொடங்கிக் கரும்பலகையிலேயே முடித்துவிடுகிறோம்.

அந்த முதல் முதுகலை வகுப்பில் படித்தவர்களில் ஒருவர் சி. ஆர். ராவ். அவர் தாமே ஆசிரியராகி வகுப்பு நடத்திக்கொண்டிருந்த 1944-ஆம் ஆண்டில், மாதிரி மிகப் பெரிதாகும்போது ஒரு மதிப்பீட்டின் மாறுபாடு எவ்வளவுக்குக் கீழே இறங்க முடியாது என்று சொல்லும், ஆங்கிலப் புள்ளியியல் அறிஞர் ஃபிஷருடைய முடிவை விளக்கியபோது, வகுப்பில் இருந்த ஒரு மாணவர் எழுந்து, “மாதிரி சிறிதாக இருந்தால் இப்படி ஒரு வரம்பு உண்டா?” என்று கேட்டார். அந்த மாணவர் பிற்காலத்தில் இந்தியாவின் வறுமையைப் பற்றி ஆராய்ந்து புகழ்பெற்ற வி. எம். தண்டேகர். ராவ் அன்றிரவே உட்கார்ந்து அதை யோசித்து, மறுநாள் வகுப்பில் விடையோடு வந்தார். 1945-இல் அச்சேறிய அந்த விடைதான் இன்றைக்கு உலகெங்கும் கிராமர்–ராவ் வரம்பு என்று வழங்குகிறது. ஆசிரியருக்கு அப்போது வயது இருபத்து நான்கு. இதை நான் ராவின் மேதைமைக்குச் சான்றாகச் சொல்லவில்லை; அதற்குச் சான்று தேவையில்லை. பாடத்திட்டத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை என்று சொல்லி அவர் மாணவரை உட்கார வைத்திருக்கலாம், வைக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, தொடங்குகிற இடம் எது என்பதைச் சொல்கிறேன். எண் பிறக்கிற இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே நான் இங்கே வற்புறுத்த விரும்பும் ஒரே விஷயம். பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் இது வெறும் உபதேசமாகிவிடும். ஆகவே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, அது பிறக்கிற இடத்துக்கே போய்ப் பார்ப்போம்.

ஒரு வட்டாரத்தில் ஒரு ஹெக்டேருக்கு இத்தனை கிலோ நெல் விளைந்தது என்று அரசாங்கம் வெளியிடுகிறதே, அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்ற காரியத்திலிருந்து அது பிறக்கிறது. கிராமத்தையும், அதில் ஒரு சர்வே எண்ணையும், அந்த எண்ணுக்குள் ஒரு வயலையும் சமவாய்ப்பு எண் அட்டவணையைக் கொண்டு தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு அலுவலர் அந்த வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, நீளத்தையும் அகலத்தையும் காலடியால் அளந்து, மறுபடியும் அட்டவணை சொல்லுகிற எண்ணிக்கைப்படி நடந்து போய், நின்ற இடத்தில் முளை அடிக்கிறார். அங்கிருந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம். நான்கு முளை, சுற்றிக் கயிறு. மூலைவிட்டம் 7 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்தால் சதுரம் சதுரமாக இருக்கிறது என்று அர்த்தம். கயிற்றுக்குள் நிற்கிற கதிரை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள். அந்தத் துண்டின் பரப்பு 25 சதுர மீட்டர்; ஹெக்டேருக்கு மாற்ற 400-ஆல் பெருக்க வேண்டும். தராசில் ஒரு கிலோ ஏறினால் அரசாங்கக் கணக்கில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஏறும்.

இப்போது கயிற்றண்டை குனிந்து பாருங்கள். கயிறு நேராக ஒரு நெற்குத்தின்மேல் போகிறது. அந்தக் குத்து உள்ளேயா, வெளியேயா? விதி எதுவாயினும், அரிவாளைப் பிடித்திருப்பவர் மனிதர். செழித்து நிற்கிற குத்தை விட்டுவிட மனம் வருவதில்லை; கை தானாகவே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இப்படிப் பிழை புகுவது எல்லையில்தான். ஆகையால், பரப்பை நோக்க எல்லை எவ்வளவு நீளம் என்பதே கேள்வி. 5 மீட்டர் சதுரத்துக்குச் சுற்றளவு 20 மீட்டர், பரப்பு 25. ஒரு சதுர மீட்டருக்கு 0.8 மீட்டர் எல்லை. 1 மீட்டர் சதுரமானால் சுற்றளவு 4, பரப்பு 1. எல்லை ஐந்து மடங்காகிவிட்டது. சிறிய துண்டாக வெட்டினால் செலவு குறையும், அதிகத் துண்டுகள் வெட்டலாம், திட்டப்பிழையும் குறையும் என்று சூத்திரம் ஆசை காட்டும். ஆனால் எல்லைப் பிழை ஒரே பக்கமாகச் சாய்கிற பிழை. ஆயிரம் துண்டு வெட்டினாலும் அது குறையாது. தவறான எண்ணை மேலும் மேலும் துல்லியமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருப்போம்.

இது கற்பனை விவாதமன்று. 1940-களில் நம் நாட்டுப் புள்ளியியலின் இரண்டு பெரியவர்கள் இதே விஷயத்தில் எதிரெதிராக நின்றார்கள். மகலநோபிஸ் தேர்ச்சிபெற்ற தம் ஆட்களைக் கொண்டு சிறிய வட்டத் துண்டுகளை வெட்டச் செய்தார். டெல்லியில் விவசாய ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த பி. வி. சுகாத்மே, சிறிய துண்டு விளைச்சலை மிகைப்படுத்திக் காட்டுகிறது என்று பரிசோதித்துக் காட்டி, பெரிய துண்டுகளையே வற்புறுத்தினார். இருவரும் சாமானியரல்லர்; வாதம் சில இடங்களில் காரமாகவும் இருந்தது. நாட்டில் கடைசியில் நிலைபெற்றது பெரிய துண்டு. இன்று பயிர்க் காப்பீட்டில் ஒரு கிராமத்து விவசாயிகளுக்கு நஷ்டஈடு உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் இந்தத் துண்டுகளின் சராசரியைப் பொறுத்தே தீர்மானமாகிறது என்று சொன்னால், கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருக்கிற மாணவனும் விழித்துக்கொள்வான். அவன் வீட்டிலேயே அந்தப் பணத்துக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கலாம்.

இந்த ஒரு பாடத்தில் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும்படி ஆசிரியர்களை வேண்டுகிறேன். சமவாய்ப்பு மாதிரி, பல கட்டத் தேர்வு, சராசரி, சிதறல், திட்டப்பிழை, சாய்வுப் பிழை ஆகிய யாவும் தத்தம் காரணத்தோடு வந்துவிடுகின்றன. மாதிரி எடுப்பதைப் பற்றிப் பேசும்போது நம்மவர் எல்லாரும் ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்ற பழமொழியை எடுத்தாளுவார்கள். எடுத்தாளட்டும், ஆனால் அது சோற்றுக்குச் சரி, வயலுக்குச் சரியில்லை என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். பானைக்குள் ஒரே கொதியில் வெந்த அரிசி ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். தலைமடை வயலும் கடைமடை வயலும் ஒன்றுபோல இருப்பதில்லை. வேறுபாடு இருக்கிற இடத்திலேதான் இந்தச் சாஸ்திரத்துக்கு வேலை இருக்கிறது.

வயலுக்குப் போக முடியாத கல்லூரிகள் உண்டு. அவற்றுக்கும் வழி இருக்கிறது. ராவ் அவர்களே இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் தாம் பேசப்போன ஊர்களில் ஒரு பரிசோதனை செய்வது வழக்கம். எதிரே இருக்கிற மாணவர்களிடம், தங்களையும் சேர்த்துத் தங்கள் குடும்பத்தில் சகோதரர் எத்தனை பேர், சகோதரிகள் எத்தனை பேர் என்று எழுதித் தரச் சொல்லுவார். உதாரணத்துக்கு, ஆண்கள் மாத்திரம் உள்ள வகுப்பில் 40 பேர் இருக்கிறார்கள், அவர்கள் எழுதித் தந்த மொத்தம் 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாகப் பிறக்கிறார்கள் என்று நம்புகிறவர், அறுபதுக்கு அறுபது இருக்கும் என்பார். அப்படி இராது. எழுதினவர்கள் 40 பேரும் ஆண்கள் என்பது முன்னமே நிச்சயமான விஷயம்; அவர்களை நீக்கினால் மிஞ்சுகிற 80-இல்தான் பாதிப் பாதி. ஆகவே சகோதரர் சுமார் 80, சகோதரிகள் சுமார் 40. காகிதங்களைக் கூட்டுவதற்கு முன்பே இதைக் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டு, பிறகு மாணவர்களையே கூட்டச் சொன்னால், யாரைக் கேட்டோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்ற உண்மையை அவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். பெண்கள் கல்லூரியில் இதே கணக்கு அப்படியே திரும்பி நிற்கும். குடும்பத்தின் அளவிலும் இதே சூட்சுமம் உண்டு: ஒரு வீட்டில் ஒரு குழந்தை, இன்னொரு வீட்டில் ஐந்து. வீடுகளைக் கேட்டால் சராசரி 3. குழந்தைகளைக் கேட்டால் ஒருவர் 1 என்பார், ஐவர் 5 என்பார்கள், சராசரி 4.33.

அடுத்ததாக நிகழ்தகவு. பையிலிருந்து வெள்ளைப் பந்தும் கறுப்புப் பந்தும் எடுத்துச் சலித்துப்போன மாணவர்களுக்கு ஃபிஷர் 1935-இல் தம் நூலில் எழுதிய தேநீர்ப் பரிசோதனையைச் செய்து காட்டலாம். ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பெண்மணி, கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா தேநீரை ஊற்றினார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றாராம். எட்டுக் கோப்பை, நான்கில் பால் முதல், நான்கில் தேநீர் முதல், வரிசை கலைத்து வைக்கப்படுகிறது. எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு; அவற்றில் முழுவதும் சரியானது ஒன்றே. ஒரே ஒரு ஜோடி மாறிப்போனது 16 வழிகள். ஆகவே ‘முழுவதும் சரி, அல்லது ஒரு ஜோடிதான் பிசகு’ என்ற அளவுக்கு வெறும் குருட்டதிர்ஷ்டத்திலேயே 70-க்கு 17, அதாவது நூற்றுக்கு இருபத்து நான்கு தடவை வந்துவிடலாம். ஆறு கோப்பை வைத்திருந்தால் முழுவதும் சரியாக வருவதற்கே 20-இல் ஒரு வாய்ப்பு. அந்தப் பெண்மணி ஜெயித்தாரா தோற்றாரா என்று ஃபிஷர் அந்த நூலில் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது தேநீரன்று.

இதை வகுப்பில் செய்ய அடுப்பு வேண்டியதில்லை. எட்டுச் சீட்டு போதும், நான்கு சிவப்பு, நான்கு கறுப்பு. ஆசிரியர் சீட்டைக் கலைத்து மேஜைமேல் கவிழ்த்து வைக்கட்டும். ஐம்பது மாணவர்களும் எந்த நான்கு சிவப்பு என்று அவரவர் நோட்டில் எழுதட்டும். திருப்பிக் காட்டும்போது ஐம்பது பேரில் ஒருவராவது முழுவதும் சரியாக எழுதியிருப்பதற்கு நிகழ்தகவு பாதிக்குச் சற்று மேலேயே இருக்கிறது. அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால், “இவருக்குச் சீட்டின் முதுகு வழியாகவே நிறம் தெரிகிறதா?” என்று வகுப்பைக் கேளுங்கள். ஐம்பது பேரைச் சோதித்து ஒருவரைப் பொறுக்கி எடுப்பதற்கும், முன்னமே ஒருவரைக் குறிப்பிட்டுச் சோதிப்பதற்கும் உள்ள பேதம் அந்த நிமிஷத்தில் விளங்கிவிடும். மருந்துகளைப் பற்றியும், ஜோசியர்களைப் பற்றியும், பங்குச் சந்தை நிபுணர்களைப் பற்றியும் பிற்காலத்தில் மாணவன் படிக்கப்போகிற எத்தனையோ செய்திகளை எடைபோட அந்தப் பேதம் ஒன்றே உதவும்.

சூத்திரம் தெரியாத இடத்தில் சீட்டைக் கலைத்துப் பார்ப்பது சிறுபிள்ளைத்தனம் என்று யாரேனும் நினைத்தால், டப்ளின் நகரத்துக் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட்டை நினைவூட்டுகிறேன். ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் அவர் வெளியிட்ட கட்டுரையே இன்று நாம் நடத்துகிற டி-சோதனைக்கு மூலம். அவர் 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக 750 மாதிரிகள் எடுத்து, தம் கணிதம் சரிதானா என்று ஒத்துப் பார்த்தார். அவர் மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்த காரியத்தை இப்போது கணினி கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடுகிறது. இலவசமாகக் கிடைக்கிற ‘ஆர்’ என்னும் மென்பொருள்கூட நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்து ஆசிரியர் இருவர் வகுப்பில் பாடம் நடத்துவதற்கென்று தொடங்கியதுதான். ஆனால் முதல் பத்து மாதிரிகளையாவது மாணவன் தன் கையால் எடுக்க வேண்டும் என்பேன். கையால் எடுக்காதவனுக்குக் கணினி பத்தாயிரம் மாதிரி எடுத்தது என்பது ஒரு வதந்தி மாத்திரமே.

அமெரிக்க ஆசிரியர் ஜார்ஜ் காப் 1992-இல் ஒரு குழுவின் சார்பில் எழுதிய அறிக்கையில், சித்தாந்தத்தையும் கணக்குச் செய்முறைகளையும் குறைத்து, தரவையும் கருத்தையும் பெருக்க வேண்டும், மாணவர் கைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 2007-இல் அவர் இன்னும் துணிந்து, இயல்நிலைப் பரவலை நடுவில் வைத்துச் சுழல்கிற நம் பாடத்திட்டம், பூமியை நடுவில் வைத்துக்கொண்டு கோள்களுக்கு வட்டத்தின்மேல் வட்டம் வரைந்த தாலமியின் வானசாஸ்திரத்தை ஒத்தது என்று எழுதினார். கணினி இல்லாத காலத்தில் அந்த வட்டங்கள் அவசியமாக இருந்தன. இப்போது சீட்டைக் கலைக்கிற தர்க்கத்தையே நடுவில் வைக்கலாம் என்பது அவர் வாதம். இதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. ஓர் எச்சரிக்கை மாத்திரம் சொல்ல வேண்டும். ‘உண்மைத் தரவு’ என்ற பெயரால் இணையத்திலிருந்து ஆயிரம் வரிசை எண்களை இறக்கிக் கொடுத்துவிடுகிற பழக்கம் பரவிவருகிறது. பிறப்பு தெரியாத பத்து எண்களுக்குப் பதிலாகப் பிறப்பு தெரியாத ஆயிரம் எண்கள், அவ்வளவுதான் வித்தியாசம். விளையாட்டு முறை என்று சொல்லி வகுப்பைச் சந்தையாக்கிவிட்டு, நடந்ததை ரெக்கார்டு நோட்டில் ஒரு வரியும் எழுதாமல் கலைந்து போவதும் போதனையாகாது.

வகுப்பில் காட்டத்தக்க உதாரணங்கள் இன்னும் இரண்டு. படம் வரைந்து பார்க்காமல் சூத்திரத்தில் இறங்கக்கூடாது என்பதற்குப் புள்ளியியல் அறிஞர் ஆன்ஸ்கோம் 1973-இல் தந்த நான்கு தரவுத் தொகுதிகள் போதும். சராசரியும் ஒட்டுறவும் நான்கிலும் ஒன்றே, வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம். சதவீதத்தைப் பிரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்குச் சிறந்த உதாரணம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்தே கிடைக்கிறது. 1973-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதமும் பெண்களில் 35 சதவீதமும் இடம் பெற்றார்கள். பட்சபாதம் என்றே எவரும் சொல்லுவர். துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பெண்களுக்கு எதிரான சாய்வு பொதுவாகக் காணப்படவில்லை. பெரிய துறைகளில் ஒன்றில் ஆண்கள் 62 சதவீதம், பெண்கள் 82 சதவீதம். இடம் அருமையாக இருந்த துறைகளையே பெண்கள் அதிகமாக நாடியிருந்தார்கள். அதோடு பட்சபாதம் இல்லை என்று முடிந்துவிட்டதா? சில துறைகளில் மாத்திரம் இடம் அவ்வளவு குறைவாக இருப்பானேன், அவற்றையே பெண்கள் நாடுவானேன் என்ற கேள்விகள் எண்ணுக்கு வெளியே காத்திருக்கின்றன. இந்த உதாரணத்தைக் கேட்டபிறகு நம் மாணவன் தன் கல்லூரியின் சேர்க்கைப் பட்டியலைப் பார்க்கிற பார்வையே வேறாகிவிடும்.

கணித ஆசிரியர்களிடமிருந்து வருகிற ஆட்சேபம் எனக்குத் தெரியும்: நிரூபணத்தைக் கைவிட்டால் சாஸ்திரம் என்ன ஆகும்? புள்ளியியலையே முதன்மைப் பாடமாக எடுத்தவனுக்கு நிரூபணத்தில் ஒரு வரியையும் குறைக்க நான் சம்மதியேன். தண்டேகரின் கேள்விக்குப் பதில் சீட்டைக் கலைத்து வந்ததன்று, கணிதத்தால் வந்தது. மற்றவர்களுக்கு, பெர்க்லியின் ஃபிரீட்மன், பிசானி, பர்வெஸ் மூவரும் 1978-இல் வெளியிட்ட பாடநூலைப் பாருங்கள். சூத்திரங்கள் மிகச் சில. வாதங்களில் தளர்ச்சி இல்லை. எளிமை வேறு, சோம்பல் வேறு. இன்னும் ஒன்று: நம் வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன, மாணவனின் சந்தேகமோ தமிழில் எழுகிறது. அதைத் தமிழிலேயே கேட்க அனுமதித்தால் வகுப்பின் கௌரவம் எள்ளளவும் குறையாது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி, வினாத்தாளில் இது வருமா?” என்று மாணவர்கள் மனத்துக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. தேர்வில் வராத எதையும் நம் கல்லூரிகளில் நிலைக்க வைக்க முடியாது. ஆகையால் இந்த மண்டபத்தில் வினாத்தாள் எடுக்கிற அன்பர்கள் இருப்பீர்களானால், உங்களிடம் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். 75 மதிப்பெண்ணில் பத்தை ஒதுக்குங்கள். ஒரு சிறு அட்டவணையைக் கொடுத்து, அந்த எண்களை யார், எங்கே, எப்படிச் சேகரித்தார்கள் என்பதை ஒரு பத்தியில் சொல்லி, எந்தெந்த இடத்தில் பிழை புகுந்திருக்கும், அது எந்தப் பக்கம் சாய்த்திருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். கால்குலேட்டர் தொடவேண்டாத கேள்வியாக அது இருக்கட்டும். இதற்குப் பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை, எந்தக் குழுவும் கூட வேண்டியதில்லை. வருகிற நவம்பர்த் தேர்விலேயே செய்யலாம்.